செல்போன் படமும் பள்ளிக்கூடத்தின் கடமையும்

சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் வழியாக, 2020 ஆகஸ்டு 10-ந் தேதி அந்தமானுக்கு வேகமான இணைய வசதி வந்தது. ஊரிலுள்ள உறவினரிடம் முகம் பார்த்துப் பேசலாம். ஒரு மாணவியின் படத்தை ஆபாசமாக மாற்றி வகுப்பு முழுவதும் பரப்பவும் அதே செல்போன் போதும்.

அப்படி நேர்ந்தால் பள்ளி என்ன செய்ய வேண்டும்? மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2015-லேயே, மாணவரை மாணவர் துன்புறுத்துவதைத் தடுக்கப் பள்ளிதோறும் குழு அமைக்கும்படி சுற்றறிக்கை விடுத்தது. அந்தமான் அரசுப் பள்ளிகளும் இவ்வாரியத்தைச் சேர்ந்தவையே.

விஷயம் குழுவோடு முடிவதல்ல. 18 வயதுக்குட்பட்டோரின் ஆபாசப் படம் பற்றித் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. எனவே "பேசித் தீர்த்துக் கொள்வோம்" என்று தலைமையாசிரியரும் சொல்ல முடியாது, பெற்றோரும் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆதாரம் காட்டுவதற்கென்று அப்படத்தை உறவினருக்கு அனுப்பக் கூடாது, அதுவும் குற்றமாகும். அனுப்பியவரின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, காவல் நிலையத்துக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ தெரிவிக்கலாம்.

மானத்துக்கு அஞ்சிப் பெண்ணின் படிப்பை நிறுத்துவோரும் உண்டு. குற்றம் செய்தவன் பள்ளிக்குப் போக, பாதிக்கப்பட்டவள் வீட்டில் முடங்குவது எந்த நியாயம்? அடுத்த பெற்றோர் கூட்டத்தில், குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று கேட்பது ஒவ்வொரு பெற்றோரின் உரிமை.