பணம் போச்சு, ஆர்டர் வரலை: பே பட்டனுக்குப் பின்னால என்ன நடக்குது?

இன்னைக்கு எபிசோடு, சின்னதா ஒரு ஆன்லைன் கடை வச்சிருக்கிறவங்களுக்கும், அவங்களுக்கு சைட் கட்டிக் கொடுக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கும். வெறுமனே வாங்குறவங்களும் கேக்கலாம், ஏன்னா இது எல்லாருக்கும் நடந்திருக்கும். பே பட்டனை அழுத்துறோம், யுபிஐ ஆப் திறக்குது, பின் போடுறோம், பேங்க்ல இருந்து பணம் எடுத்தாச்சுன்னு எஸ்எம்எஸ் வருது. திரும்பிக் கடை சைட்டுக்கு வந்தா ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரத்துல 'பேமென்ட் ஃபெயில்டு'.

கஸ்டமர் கேர்ல கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க: "அஞ்சு நாள்ல தானா திரும்பி வந்துடும்." பல நேரம் அது உண்மை. சில நேரம் அது உண்மையே கிடையாது. அந்தப் பணம் ஒழுங்கா கடைக்காரர் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனா அது அவருக்கே தெரியாது. இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்ற வேலை கடையோட சாஃப்ட்வேரோடது. அதை எப்படிக் கட்டுறதுன்னுதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

நடுவுல யார் யார் இருக்காங்க?

ஒரு பக்கம் வாங்குறவரோட பேங்க். இன்னொரு பக்கம் கடையோட பேங்க். நடுவுல ஒரு நெட்வொர்க்: கார்டுன்னா விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரி, யுபிஐன்னா என்பிசிஐ நடத்துற அமைப்பு. ஒரு சின்னக் கடை இவங்க எல்லார்கிட்டயும் தனித்தனியா போய் ஒப்பந்தம் போட முடியாது. அதனாலதான் ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு மாதிரி நிறுவனங்கள் இருக்கு.

இவங்களை நாம பேச்சுவாக்குல பேமென்ட் கேட்வேன்னு சொல்றோம். ஆனா ரிசர்வ் வங்கி 2020 மார்ச்ல கொண்டு வந்த விதிகள்ல ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கு. கேட்வேங்கிறது வெறும் தொழில்நுட்பம். பணத்தைக் கையில தொடாது. பேமென்ட் அக்ரிகேட்டர்ங்கிறவர் வாங்குறவர்கிட்ட இருந்து பணத்தை வாங்கி, ஒரு எஸ்க்ரோ கணக்குல வச்சு, அப்புறம் கடைக்கு அனுப்புறவர். அதனால 'பணம் கட்டியாச்சு'ங்கிறதும் 'பணம் என் பேங்க்ல விழுந்தாச்சு'ங்கிறதும் வேற வேற நாள்ல நடக்கிற வேற வேற விஷயம்.

கணக்கு சர்வர்ல தொடங்கணும்

வாங்குறவர் பே பட்டனை அழுத்தினதும், முதல்ல உங்க சர்வர் அக்ரிகேட்டரோட சர்வர்கிட்ட பேசணும். "1,450 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் போடு"ன்னு கேட்டா, அது ஒரு ஆர்டர் ஐடி கொடுக்கும். அந்த ஐடியை வச்சுத்தான் பிரவுசர்ல பணம் கட்டுற பக்கம் திறக்கும்.

தொகையைப் பிரவுசர் சொல்லி சர்வர் கேட்டுக்கக் கூடாது. பிரவுசர் வாங்குறவர் கையில இருக்கு. அதுல 1,450-ஐ ஒண்ணுன்னு மாத்தி அனுப்புறது பெரிய வித்தை இல்லை. எந்தப் பொருள், எத்தனைங்கிறதை மட்டும் பிரவுசர் சொல்லட்டும். விலையை உங்க டேட்டாபேஸ்ல இருந்து சர்வர் எடுக்கட்டும்.

இன்னொண்ணு, ரேசர்பே, ஸ்ட்ரைப் மாதிரி பல ஏபிஐகள்ல தொகையைப் பைசாவுலதான் கொடுக்கணும். 1,450 ரூபாய்ன்னா 1,45,000 பைசா. தசமப் புள்ளி வச்ச எண்கள்ல கம்ப்யூட்டர் கணக்கு சில நேரம் துளி பிசகும். முழு எண்ணா வச்சா அந்தத் தொல்லை இல்லை. உங்க டேட்டாபேஸ்லயும் அப்படியே வச்சுக்கோங்க.

அக்ரிகேட்டர் உங்களுக்கு ரெண்டு சாவி தருவாங்க. ஒண்ணு வெளியில தெரியலாம். இன்னொண்ணு ரகசியச் சாவி. அது சர்வரை விட்டு வெளிய வரவே கூடாது. பிரவுசர்ல ஓடுற கோடுல, மொபைல் ஆப்ல, கிட்ஹப்ல எங்கயும் போடாதீங்க.

கார்டு நம்பரைச் சேமிச்சு வைக்கிற ஆசையும் வேண்டாம். 2022 அக்டோபர் 1-ல இருந்து கடைக்காரர் அதை வச்சுக்கவே கூடாது. நம்பருக்குப் பதிலா டோக்கன்தான். அக்ரிகேட்டரோட பக்கத்துலயே கார்டு விவரத்தை வாங்கிட்டா, அந்த நம்பர் உங்க சர்வரைத் தொடாமலே போயிடும்.

பிரவுசர் சொல்றது சாட்சி ஆகாது

இப்பதான் முக்கியமான இடம். பணம் கட்டி முடிஞ்சதும் பிரவுசர் உங்க 'நன்றி' பக்கத்துக்குத் திரும்பி வரும். நிறைய சைட்ல இந்தப் பக்கம் திறந்தாலே ஆர்டரை 'பணம் வந்தது'ன்னு மாத்திடுறாங்க. இதுல ரெண்டு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை, பிரவுசர் பொய் சொல்லலாம். அந்த நன்றிப் பக்கத்தோட முகவரி தெரிஞ்ச யாரும் பணமே கட்டாம அதைத் திறக்கலாம். இதுக்கு மருந்து கையொப்பம். உதாரணமா ரேசர்பேல, ஆர்டர் ஐடியையும் பேமென்ட் ஐடியையும் சேர்த்து, ரகசியச் சாவியை வச்சு எச்மேக் ஷா-256 முறையில ஒரு கையொப்பம் போட்டு அனுப்புவாங்க. அதே கணக்கை உங்க சர்வரும் போட்டுப் பாக்கணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் நம்பணும்.

ரெண்டாவது ஓட்டை, பிரவுசர் திரும்பி வராமலே போகலாம். யுபிஐ ஆப்புக்குப் போன நேரத்துல போன் மெமரி பத்தாம பிரவுசரை மூடிடும். பஸ்ல போறவருக்கு நெட் போயிடும். இல்லைன்னா 'பணம் போயிடுச்சு'ன்னு ஆப்ல பாத்ததும் அவரே மூடிட்டுப் போயிடுவார். பணம் வந்து சேர்ந்திருக்கும். உங்க சர்வருக்கு மட்டும் யாருமே சொல்லியிருக்க மாட்டாங்க.

இதுக்குத்தான் வெப்ஹூக். பேமென்ட்ல ஏதாவது மாறினா, அக்ரிகேட்டரோட சர்வரே நேரா உங்க சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும். வாங்குறவரோட போன் ஆஃப் ஆனாலும் இந்தத் தகவல் வரும். இதுலயும் கையொப்பம் இருக்கும், அதையும் சரிபாக்கணும். வந்த தகவலை உடனே எழுதி வச்சுட்டு 'கிடைச்சது'ன்னு பதில் சொல்லிடுங்க. மெயில் அனுப்புறது, பில் போடுறது எல்லாம் அப்புறம்.

வெப்ஹூக் ஒரே தகவலோட ரெண்டு, மூணு தடவை வரலாம். வரிசை மாறியும் வரலாம். அதனால ஒவ்வொரு தகவலோட ஐடியையும் டேட்டாபேஸ்ல யூனிக்கா வச்சுக்கணும். ஏற்கெனவே பாத்த ஐடின்னா பேசாம விட்டுடணும். இல்லைன்னா ஒரே ஆளுக்கு ரெண்டு பார்சல் போகும்.

'தெரியலை'ன்னும் ஒரு நிலைமை இருக்கு

எங்க பெரியம்மா பொண்ணு, அக்கா, மதுரையில இருந்து ஆன்லைன்ல சுங்குடிச் சேலை விக்கிறாங்க. சைட்டை வேற ஒருத்தர் கட்டிக் கொடுத்திருந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு அம்மா பணம் கட்டியிருக்காங்க, 'ஃபெயில்டு'ன்னு வந்திருக்கு. திரும்பக் கட்டினதும் ஆர்டர் விழுந்திருக்கு. முதல் பணத்தைப் பத்திக் கேட்டதுக்கு, அக்காவும் எல்லாரையும் போல "அஞ்சு நாள்ல வந்துடும்மா"ன்னு சொல்லியிருக்காங்க. பத்து நாள் ஆச்சு, வரலை. இன்ஸ்டாகிராம்ல அக்கா கடைப் போஸ்டுக்குக் கீழ 'ஏமாத்துக்காரங்க'ன்னு கமென்ட் வந்துடுச்சு.

என்கிட்ட பாக்கச் சொன்னாங்க. அக்ரிகேட்டரோட டாஷ்போர்டைத் திறந்தா, ரெண்டு பேமென்ட்டுமே வெற்றி. முதல் பணம் எங்கயும் மாட்டிக்கலை, அக்கா பேங்க் கணக்குக்கே வந்து சேர்ந்துடுச்சு. அந்த சைட்ல வெப்ஹூக்கே இல்லை. பிரவுசர் திரும்பி வந்தாத்தான் ஆர்டர். அக்கா கேட்டாங்க: "ஏன்டா தம்பி, பணம் வந்துச்சா இல்லையான்னு சொல்லக்கூடவா இந்த சைட்டுக்குத் தெரியாது?"

சரியான கேள்வி. பிரச்சினை என்னன்னா, அந்த சைட்டுக்கு ரெண்டே நிலைமைதான் தெரியும்: வெற்றி, தோல்வி. உண்மையில மூணு இருக்கு. மூணாவது 'இன்னும் தெரியலை'. பேங்க்கோட சர்வர் பதில் சொல்லத் தாமதம் ஆகும்போது, அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அதைத் தோல்வின்னு காட்டினா, வாங்குறவர் திரும்பவும் கட்டுவார்.

அந்த நேரத்துல திரையில இப்படிச் சொல்லுங்க: "பேங்க்கிட்ட இருந்து உறுதி இன்னும் வரலை. தயவுசெஞ்சு திரும்பக் கட்ட வேண்டாம். முடிவு தெரிஞ்சதும் மெசேஜ் அனுப்புறோம்." பின்னால உங்க சர்வர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை அக்ரிகேட்டர்கிட்ட அந்த ஆர்டரோட நிலைமையைக் கேட்டுக்கிட்டே இருக்கட்டும். வெப்ஹூக் தவறிப்போனாலும் இது பிடிச்சிடும். அதுவரைக்கும், கடைசிச் சேலைன்னா அதை இவர் பேர்ல கொஞ்ச நேரம் ஒதுக்கி வைங்க.

அப்பவும் சில பணம் ரொம்பத் தாமதமா வரும், சேலை வேற ஒருத்தருக்குப் போயிருக்கும். இல்லைன்னா ஒரே ஆர்டருக்கு ரெண்டாவது பணம் வரும். ரெண்டுக்கும் முடிவு ஒண்ணுதான்: சாஃப்ட்வேரே ரீஃபண்ட் போட்டு, வாங்குறவருக்குச் சொல்லிடணும். அவர் போன் பண்ணிக் கேக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

அந்த 'அஞ்சு நாள்' எங்க இருந்து வருது?

2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. கார்டுலயோ யுபிஐலயோ ஆன்லைன் கடைக்குக் கட்டின பணம் கணக்குல இருந்து போய், கடைக்கு உறுதி போய்ச் சேரலைன்னா, அந்தப் பணம் 5 நாளுக்குள்ள தானா திரும்பணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நாம புகார் கொடுக்காமலே.

இது, பணம் வழியில நின்னுபோனா பொருந்துற விதி. அக்கா விஷயத்துல பணம் வழியில நிக்கலை. பேங்க் கண்ணுக்கு அது வெற்றியான பரிவர்த்தனை. அது தானா திரும்பாது. கடைக்காரர் ரீஃபண்ட் பட்டனை அழுத்தணும். அதனால "அஞ்சு நாள்ல வரும்"னு சொல்றதுக்கு முன்னாடி, டாஷ்போர்டுல அந்த ஒரு பேமென்ட்டைத் தேடிப் பாருங்க. வெற்றின்னு இருந்தா ஒண்ணு பொருளை அனுப்புங்க, இல்லை பணத்தை அனுப்புங்க.

ராத்திரிக் கணக்கு

நம்ம ஊர் மளிகைக்கடையில ராத்திரி கல்லாவை எண்ணி, நோட்டோட ஒத்துப் பாத்துட்டுத்தான் ஷட்டரை இறக்குவாங்க. ஆன்லைன் கடைக்கும் அது வேணும். தினமும் மூணு பட்டியலை ஒத்துப் பாருங்க: உங்க ஆர்டர்கள், அக்ரிகேட்டர் காட்டுற பேமென்ட்கள், பேங்க்ல விழுந்த தொகை.

மூணாவது பெரும்பாலும் கம்மியா இருக்கும். 1,450 ரூபாய்க்கு 2 சதவீதம் கட்டணம்னு வச்சுக்கோங்க: 29 ரூபாய். அந்த 29 மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டுன்னா, 5 ரூபாய் 22 பைசா. கையில வர்றது 1,415 ரூபாய் 78 பைசா. யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியில இருந்து எம்டிஆர் கிடையாது. ஆனா அக்ரிகேட்டர் தன் சேவைக்குன்னு தனியா கட்டணம் வச்சிருக்கலாம், ஒப்பந்தத்தைப் படிங்க. ரீஃபண்ட் கொடுத்தாலும் பிடிச்ச கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. விலை வைக்கும்போதே இதெல்லாம் கணக்குல இருக்கணும்.

அக்கா கடையில இந்த மூணு பட்டியலையும் பழசுல இருந்து ஒத்துப் பாத்தோம். ஆர்டரே இல்லாத பேமென்ட் இன்னும் மூணு கிடைச்சது. அவங்க யாரும் கேக்கவே இல்லை. அக்காவே போன் பண்ணிச் சொல்லி, பணத்தைத் திருப்பி அனுப்பினாங்க. கமென்ட் போட்ட அம்மாவுக்கும்தான். அவங்க கமென்ட்டை எடுத்துட்டாங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல டெஸ்ட் மோடுல ஓட்டிப் பாருங்க. வெற்றியை மட்டும் பாக்காதீங்க. பணம் கட்டிட்டு டேபை மூடுங்க, நெட்டை ஆஃப் பண்ணுங்க, ஒரே வெப்ஹூக்கை ரெண்டு தடவை அனுப்புங்க. மூணுலயும் ஆர்டர் சரியா ஒண்ணே ஒண்ணு விழுந்தா, அதுக்கப்புறம் லைவ் சாவியைப் போடுங்க. லைவ் போன முதல் நாள், உங்க சொந்தக் காசுல ஒரு சின்னப் பொருளை வாங்கி, ரீஃபண்டும் போட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோடுல கேஷ் ஆன் டெலிவரி பத்திப் பேசலாம். பார்சல் போய்த் திரும்பி வந்தா செலவு யார் தலையில விழுதுன்னு பாப்போம். அதுவரைக்கும், வர்றேன் மக்களே.