வெயிலும் கீரியும் தீண்டாத வீடு

முயலும், கடைக்காரர்கள் ‘கினி பிக்’ என்றே சொல்லி விற்கும் கினிப் பன்றியும் சென்னை பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து சிறு நகரங்களின் செல்லப்பிராணிக் கடைகள் வரை எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றோடு சேர்த்து விற்கப்படும் சிறு கம்பிக் கூண்டு, விலங்கை வீடு வரை கொண்டுசேர்ப்பதற்குப் போதுமானதே அன்றி, எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடிய முயலுக்கோ, ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழக்கூடிய கினிப் பன்றிக்கோ நிலையான உறைவிடமாக இருக்கத் தகுதியுடையதன்று. வீட்டுக்குள் இடமில்லாதவர்கள் அந்தக் கூண்டை மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ வைத்துவிடுகின்றனர். கோடையின் ஒரு நண்பகலோ, சுற்றித் திரியும் நாய் ஒன்றோ அந்த உயிரை முடித்துவிடுகிறது. திறந்தவெளியில் இவ்விலங்குகளை வளர்க்கவே கூடாது என்பதில்லை. அவற்றின் உடல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை அறிந்து, அந்த ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பக் கூட்டை அமைப்பவரால் அவற்றை வெளியிலும் நலமாக வாழவைக்க முடியும்.

இரு விலங்குகளின் இயல்பு

வளர்ப்பு முயலின் மூதாதை, ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தையும் தெற்குப் பிரான்சையும் தாயகமாகக் கொண்ட காட்டு முயலாகும். அது நிலத்தடியில் கிளைகிளையாக வளைதோண்டிக் கூட்டமாக வாழ்ந்து, பகலின் சூட்டை அந்த வளைக்குள் கழித்து, விடியற்காலையிலும் அந்தியிலும் வெளியே வந்து மேயும் விலங்கு. தமிழகத்தின் புன்செய்களிலும் புதர்க்காடுகளிலும் காணப்படும் முயல் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. அது வளை தோண்டாமல் புல் மறைவில் பதுங்கி வாழ்வது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காப்பளிப்பதால், அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். கினிப் பன்றியோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணவுக்காக வளர்க்கப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த கொறிவிலங்கு. அது தானாக வளை தோண்டுவதில்லை, உயரத் தாவுவதில்லை, ஆனால் தலைக்கு மேலே மறைவில்லாத இடத்தில் நிம்மதியாக இருப்பதுமில்லை.

இந்த இரண்டுக்கும் பொதுவான சில இயல்புகளே கூட்டின் வடிவத்தை முடிவுசெய்கின்றன. இரண்டும் பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர்கள் என்பதால், ஒளிந்துகொள்ள இருண்ட ஓர் அறை இல்லாவிட்டால் ஓயாத அச்சத்தில் வாழ்கின்றன. இரண்டின் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்வதால், எதையேனும் கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டிய தேவை அவற்றுக்கு உண்டு. நெகிழி, ஈயம் கலந்த சாயம் பூசிய மரம், பசை சேர்த்து ஒட்டிய ஒட்டுப்பலகை ஆகியவை கடிபடும் இடத்தில் இருக்கக் கூடாது. இரண்டும் கூடி வாழ்பவை. தனிமை அவற்றை வாட்டும் என்பதை ஏற்றுக்கொண்டே, சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளில் கினிப் பன்றியைத் தனியாக வளர்ப்பதைத் தடைசெய்தது.

முதற்பகை வெயில்

குளிர்நாட்டு நூல்களில் கூட்டுக்குள் பனி நுழையாமல் காப்பதே முதற்கடமையாகச் சொல்லப்படும். தமிழகத்தின் சமவெளியில் அந்த இடம் வெயிலுக்கு உரியது. முயலுக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகமிகக் குறைவு. தோலுக்குக் கீழே அடர்ந்த இரத்தக் குழாய்களைக் கொண்ட நீண்ட காதுகள் வழியாகவும், மூச்சின் வழியாகவும் மட்டுமே அது உடலின் சூட்டை வெளியேற்றுகிறது. சுற்றியுள்ள காற்றே உடலளவு சூடேறிவிட்டால் அந்த வழியும் அடைபடுகிறது. ஏறத்தாழ 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையே அதற்கு இதமானது. 30 டிகிரியைத் தாண்டினால் அது திணறத் தொடங்கும். 35 டிகிரிக்கு மேல் உயிருக்கே ஆபத்து. நீண்ட காதும் வாலும் இல்லாத உருண்டை உடலைக் கொண்ட கினிப் பன்றி அதனினும் மென்மையானது; 28 டிகிரியைக் கடந்தாலே அதைக் கவனித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி முயல் இனங்களைப் பேணும் மத்திய ஆராய்ச்சி மையம் கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் இருப்பதும், நீலகிரியின் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் முயல் பண்ணை இருப்பதும், குளிர்ந்த மலைக்காற்று முயலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும்.

சமவெளியில் வளர்ப்போர் அந்தக் குளிர்ச்சியை நிழலாலும் காற்றாலும் ஈடுசெய்ய வேண்டும். வேம்பு, புங்கன் போன்ற நிழல்மரத்தின் அடி முதல்தரமான இடம். மொட்டை மாடி எக்காரணத்தாலும் ஏற்ற இடமன்று, ஏனெனில் பகலெல்லாம் சூட்டை உறிஞ்சும் கான்கிரீட் தளம் இரவிலும் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். கொட்டகையின் நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்படி அமைத்தால், காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயில் குறுகிய பக்கங்களை மட்டுமே தொடும், உச்சி வெயிலைக் கூரை தாங்கிக்கொள்ளும். தகரக் கூரைக்கு நேர்கீழே கூட்டை வைப்பது அடுப்பின் மீது வைப்பதற்குச் சமம். தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்த கூரை சிறந்தது, இயலாத இடத்தில் ஓட்டுக்கூரை போடலாம், தகரமே இருக்கிறதென்றால் அதன்மேல் கீற்றைப் பரப்பலாம். கூரை கூட்டின் தலையை ஒட்டியிராமல், ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் இருந்தால்தான் சூடான காற்று மேலெழுந்து வெளியேறும். குறைந்தது இரண்டு பக்கங்களாவது வலை மட்டும் கொண்டு திறந்திருப்பது காற்றோட்டத்துக்கு இன்றியமையாதது.

மே மாதத்து அக்கினி நட்சத்திர நாட்களில் இவையும் போதாமல் போகலாம். அப்போது பக்கவாட்டில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிடுவதும், உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி விலங்கு சாய்ந்து படுக்க வைப்பதும், கவிழ்த்த மண்பானைகளை ஒளிவிடமாகத் தருவதும் உதவும். சாக்கை நனைத்துக் காற்றோட்டத்தை அடைத்துவிட்டால் உள்ளே புழுக்கம் கூடும் என்பதால், ஒரு பக்கமேனும் திறந்திருக்க வேண்டும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் பகல்களில் விலங்கை வீட்டுக்குள் மின்விசிறி ஓடும் அறைக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, எச்சில் ஒழுகுவது, காதுகள் சிவந்து சுடுவது, துவண்டு நீட்டிப் படுப்பது ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, பனிக்கட்டி நீரால் அன்றி இளங்குளிர்ந்த நீரால் காதுகளை நனைத்து, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச்செல்ல வேண்டும்.

வலையும் தாழ்ப்பாளும்

வெயிலுக்கு அடுத்த ஆபத்து பிற விலங்குகள். தெருநாயும் பூனையும் கண்ணுக்குத் தெரிந்த பகைவர். கீரி, மரநாய், சாரைப் பாம்பு, பெருச்சாளி ஆகியவை பெரும்பாலும் ஆள் பார்க்காத நேரத்தில் வருபவை. குட்டிகளுக்குக் காக்கையும் பருந்தும்கூடப் பகையே. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண்களையுடைய கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்தி வைக்கும் அளவுக்கே வலுவுடையது. நாய் பற்றி இழுத்தால் அது பிய்ந்துவிடும், பெருச்சாளி அதைக் கடித்தே திறந்துவிடும், அதன் அகன்ற கண்கள் வழியே பாம்பும் நுழையும். துத்தநாகம் பூசி, ஒவ்வொரு சந்திப்பிலும் பற்றவைத்த ‘வெல்டு மெஷ்’ எனும் கம்பிவலையை, கண்ணளவு அரை அங்குலத்துக்கு மிகாமலும், கம்பி 16 கேஜ் அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பிலும் தேர்ந்தெடுத்து, சட்டத்தில் உறுதியாக ஆணியடித்துப் பொருத்தினால், வெளியிலிருந்து தள்ளினாலும் இழுத்தாலும் அது கழன்றுவராது.

தரையோடு அமையும் கூட்டுக்கு மற்றொரு காவலும் தேவை. முயல் உள்ளிருந்து தோண்டி வெளியேறும், பெருச்சாளியும் நாயும் வெளியிலிருந்து தோண்டி நுழையும். ஆகவே வலையைச் சுவரின் அடியோடு நிறுத்தாமல், வெளிப்பக்கமாக ஒன்றரை முதல் இரண்டு அடி வரை தரையில் மடித்துப் பரப்பி, அதன்மேல் கல்லோ மண்ணோ இட்டு மூட வேண்டும்; கூட்டின் ஓரத்தில் தோண்டத் தொடங்கும் விலங்கு அந்த வலைமேல் முட்டி நின்றுவிடும். கொக்கியை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பாளும் பூட்டும் இட வேண்டும். நான்கு கால்களில் உயர்த்திய கூட்டாக இருந்தால், ஒவ்வொரு காலையும் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்துவது எறும்பு ஏறாமல் தடுக்கும். உரோமமின்றிக் கண் திறக்காமல் பிறக்கும் முயல் குட்டிகள் எறும்புக் கடியிலேயே இறந்துவிடக்கூடும் என்பதால் பண்ணையாளர்கள் இதைத் தவறாமல் செய்கின்றனர். அந்தக் கிண்ணத்து நீரில் கொசு முட்டையிடாதபடி அடிக்கடி மாற்றிவிட வேண்டும்.

வலை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், வெளியே நின்று குரைக்கும் நாயைக் கண்ட முயல் அச்சத்தாலேயே உயிரிழப்பதுண்டு. அதன் எலும்புக்கூட்டின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடுதான். பின்னங்கால்களின் தசைகளோ மிக வலியவை. எனவே மிரண்டு உதைக்கும்போது தன் முதுகெலும்பையே அது முறித்துக்கொள்ளக்கூடும். மூன்று பக்கமும் பலகையால் அடைத்த ஓர் உள்ளறை ஒவ்வொரு கூட்டிலும் இருந்தே தீர வேண்டும் என்பதன் காரணம் இதுவே. தீபாவளி இரவில் விலங்கைக் கூட்டோடு விட்டுவிடாமல் வீட்டுக்குள் அமைதியான அறையில் வைப்பதும் இதனாலேயே கட்டாயமாகிறது.

இடமும் தரையும்

முயல் தொடர்ந்து சில தாவல்கள் தாவவும், பின்கால்களில் முழுமையாக எழுந்து நிற்கவும் கூடு இடம் தர வேண்டும். பிரிட்டனின் முயல் நல அமைப்பு, இரண்டு முயல்களுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உடைய இடம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இது இரவில் உறங்கும் பெட்டியும் பகலில் ஓடியாடும் வலைத்தளமும் இணைந்த மொத்தப் பரப்பாகும். இரண்டு கினிப் பன்றிகளுக்குக் குறைந்தது நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் தேவை. அவை ஏறி விழாதபடி சாய்தளங்கள் தாழ்வாகவும் சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும்.

எச்சம் கீழே விழுவது வசதி என்பதால் கம்பித் தரையே வழக்கமாகப் போடப்படுகிறது. நாய்க்கும் பூனைக்கும் உள்ளதுபோல் முயலின் பாதத்தில் மெத்தையான திண்டு இல்லை, உரோமம் மட்டுமே உண்டு; நாள் முழுதும் கம்பியில் நிற்கும் முயலுக்குக் குதிகால் புண்ணாகிச் சீழ்பிடிக்கும், கினிப் பன்றியின் மெல்லிய கால் கம்பிக் கண்ணில் சிக்கி முறியும். ஆகவே தரையின் பெரும்பகுதி பலகையாக இருந்து, அதன்மேல் உலர்ந்த வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்பப்பட வேண்டும்.

ஈரமும் நோயும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் சாரல் கூட்டுக்குள் அடிக்காதபடி கூரையின் இறவாரம் இரண்டடியாவது நீண்டிருக்க வேண்டும். காற்று அடிக்கும் பக்கத்துக்குச் சுருட்டி இறக்கும் தார்ப்பாய் பொருத்திக்கொள்ளலாம். ஈரமான படுக்கையில் பூஞ்சை பிடிப்பதும், தேங்கிய சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாயு மூச்சுப்பாதையை அரிப்பதும், சளிக்கும் நுரையீரல் நோய்க்கும் வழிவகுக்கும். குடலைத் தாக்கும் ஓரணு ஒட்டுண்ணியால் வரும் காக்சிடியோசிஸ் எனும் கழிச்சல் நோய், குட்டிகளைக் கொத்தாகக் கொல்லக்கூடியது. எச்சத்தோடு வெளியேறும் அந்த ஒட்டுண்ணி, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் சில நாட்களுக்குள் தொற்றும் நிலையை அடைகிறது என்பதால், அன்றன்றே எச்சத்தை அகற்றுவதே அதற்கு எதிரான எளிய மருந்து. விலங்கின் பின்புறம் அழுக்காகவோ ஈரமாகவோ இருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரு நாளைக்குள் புழு வைத்துவிடும். மழைக்காலத்தில் நாளுக்கு இருமுறை வாலடியைப் பார்ப்பது நல்லது. கூட்டைச் சுற்றி அரளி, எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி ஆகிய நச்சுச் செடிகள் எட்டும் தொலைவில் இருக்கக் கூடாது.

முயலையும் கினிப் பன்றியையும் ஒரே கூட்டில் அடைப்பது பலரும் அறியாமல் செய்யும் தவறு. முயலின் மூச்சுப்பாதையில் நோய் காட்டாமலே தங்கியிருக்கும் போர்டெடெல்லா எனும் கிருமி, கினிப் பன்றிக்குப் பரவினால் கொடிய நிமோனியாவை உண்டாக்கும். முயலின் ஓர் உதை கினிப் பன்றியின் எலும்பை முறிக்கப் போதுமானது. உணவிலும் வேறுபாடு உண்டு: மனிதரைப் போலவே கினிப் பன்றியாலும் வைட்டமின் சி சத்தைத் தன் உடலில் உருவாக்கிக்கொள்ள முடியாது, குடைமிளகாய், கொத்தமல்லித் தழை போன்றவற்றின் மூலம் அதை நாள்தோறும் தராவிட்டால், ஈறு வீங்கி மூட்டு வலிக்கும் ஸ்கர்வி நோய் வரும். இரண்டும் புல்லையே முதன்மை உணவாகக் கொண்டவை என்பதால், அறுகம்புல்லோ தீவனப் புல்லோ எந்நேரமும் கூட்டில் இருக்க வேண்டும். குடிநீர் மண்கலத்திலும் குழாய்ப் புட்டியிலுமாக இரண்டு இடங்களில் வைக்கப்பட்டால், ஒன்று கவிழ்ந்தாலும் அடைத்துக்கொண்டாலும் மற்றொன்று உயிர்காக்கும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே பார்த்தால், நல்ல கூடு அமைக்கும் செலவு விலங்கின் விலையைவிடப் பன்மடங்கு என்பது விளங்கும். கொல்லையில் நிழலோ, கூடு கட்டப் பணமோ, நாளும் சுத்தம் செய்ய நேரமோ இல்லாதவர்கள், குழந்தை கேட்டது என்பதற்காக முயலையோ கினிப் பன்றியையோ வாங்காதிருப்பதே அவ்வுயிர்களுக்குச் செய்யும் கருணை. வளர்க்க உறுதிகொண்டவர்கள் முதலில் கூட்டைக் கட்டி முடித்து, ஒரு வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டு, சித்திரை வெயிலின் நண்பகலில் அது காட்டும் அளவைப் பார்த்த பிறகே சந்தைக்குச் செல்ல வேண்டும்.