உஷார்! இருட்டைத் தேடி வயக்காட்டுக்குப் போகிறவர்களே...

பைனாகுலரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு, "டவுன் வெளிச்சத்தைத் தாண்டி எங்கேயாவது இருட்டில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்போம்" என்று கிளம்புகிற தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிக்காரர்களே, ஒரு நிமிஷம். டெல்டாவில் நீங்கள் தேடும் அந்த இருட்டு இரண்டே இடத்தில்தான் கிடைக்கும். ஒன்று யாரோ ஒருவருடைய வயல். மற்றொன்று ஆற்று மணல். ராத்திரி பத்து மணிக்குப் பழக்கமில்லாத ஆள் போய் உட்காரக் கூடாத இடங்கள் இவை இரண்டும்.

ஆசையில் தப்பே இல்லை. தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்தால் மழை மேகம் விலகிவிடும். வழக்கப்படி ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூர் அணையை அடைத்துவிடுவார்கள், ஆறுகள் காயும். அதிலிருந்து சித்திரை வரைக்கும் நமக்குக் கிடைப்பது நல்ல வானம். நாம் இருப்பது ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில். லண்டன்காரர் ஊரில் இருந்தபடி ஒருநாளும் பார்க்க முடியாத அகத்திய நட்சத்திரம் மாசி மாதத்தில் இங்கே தெற்கே நன்றாக ஏறி நிற்கும். சித்திரையில் திரிசங்கு என்கிற தென் சிலுவை தெற்கு அடிவானத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். இதையெல்லாம் ஊருக்குள்ளிருந்து பார்க்கத்தான் விடமாட்டேன் என்கிறது எல்.இ.டி. விளக்கு. 2023-இல் வந்த ஒரு சர்வதேச ஆய்வு, 2011 முதல் 2022 வரை வானத்தின் செயற்கை வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீதம் வரை கூடியிருப்பதாகக் கணக்கிட்டது. நம்முடையது மட்டமான பூமி வேறு; மறைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. ஒரு ஹைமாஸ்ட் விளக்கு போட்டால் நாலு ஊர் தள்ளியும் கண்ணில் குத்தும். அதனால்தான் ஆட்கள் இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று வாய்க்கால் கரையோடு போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

அங்கேதான் வினை. வானம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறவர்கள் சொல்லும் பாடம் என்ன? வெள்ளை வெளிச்சம் அடிக்காதே, கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், சிவப்பு விளக்கை மட்டும் மங்கலாக வைத்துக்கொள், தரையில் விரிப்பைப் போட்டு மல்லாந்து படு, அசையாதே. லடாக்கின் ஹான்லேயில், 2022-இல் இருள் வானக் காப்பகமாக அறிவித்த அந்தக் குளிர் பாலைவனத்தில், இது சரியான பாடம். நம்மூர் வரப்பில் இது ஆளைக் கொல்லும் பாடம். விவசாயி ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். பெரிய டார்ச், கையில் கம்பு, தட்டித் தட்டி நடை, கண் முழுக்கத் தரையில். நீங்கள் செய்யப்போவதோ எல்லாம் அதற்கு நேர் எதிர்.

அறுப்பு முடிந்த தாளடியில் சிந்திய நெல்லுக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வரப்பு முழுக்க எலி வளைதான்; அதில் குடியிருப்பது எலி மட்டும் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி விரியன் காய்ந்த வைக்கோல் நிறத்தில் கிடக்கும். சிவப்பு விளக்கில் அதன் மேல் உள்ள வட்டங்கள் தெரியவே தெரியாது. ஆள் அரவம் கேட்டு விலகிப் போகும் வழக்கம் அதற்குக் குறைவு. குக்கர் விசில் மாதிரி சீறும், சில சமயம் அதுவும் இல்லாமல் போடும். அதன் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தில் கைவைக்கும். கட்டுவிரியன் அதைவிட மோசம், அது ராத்திரிப் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது. வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட இடமும் சரியாகத் தெரியாது. எறும்பு கடித்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்து படுத்தவருக்கு விடியற்காலையில் வயிறு வலிக்கும், கண் இமை தொங்கும், அப்புறம் மூச்சு முட்டும். தார்ப்பாய் விரித்து வானம் பார்ப்பது என்பது கட்டுவிரியனுக்கு இலை போட்டு வைப்பதுதான்.

இந்தியாவில் 2000-இலிருந்து 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரியாக 58,000 என்று 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. கடித்தால் கயிறு கட்டுவது, கீறிவிடுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் மட்டை வைத்துக் கட்டி, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதனால் எந்தப் பாம்பு என்று தேடிப்பிடிக்க நின்று இன்னொரு கடி வாங்காதீர்கள்.

பாம்பையாவது டார்ச் அடித்தால் பார்த்துவிடலாம். கம்பி தெரியாது. எலிக்கும் பன்றிக்கும் "கரண்ட் வைப்பது" என்று கிராமத்தில் சொல்வார்கள். மோட்டார் கொட்டகையிலிருந்தோ மேலே போகும் லைனில் கொக்கி போட்டோ எடுத்து, வரப்பைச் சுற்றிக் கணுக்கால் உயரத்தில் மெல்லிய கம்பியை ஓட்டிவிடுவார்கள். மாலையில் போட்டுக் காலையில் எடுத்துவிடுவதால் பகலில் பார்த்துவிட்டு வந்தவருக்கும் அது தெரியாது. வயலில் ஈரம் இருந்தால் கம்பியை மிதிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தமிழ்நாட்டில் இப்படிச் செத்தவர்களில் கம்பி போட்டவரே இருப்பார், அவர் மகன் இருப்பான், பக்கத்து வயலுக்கு மடை திறக்கப் போனவர் இருப்பார். மின்வேலிக்குப் பதிவு கட்டாயம் என்று 2023-இல் அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. நேரடி லைனில் போடுவது எப்போதுமே குற்றம். விதி இருக்கிறது, கம்பியும் இருக்கிறது. நிலத்துக்காரரிடம் கேட்காமல் ஒரு வயலில்கூடக் கால் வைக்காதீர்கள். கேட்கும்போது, "இங்கே கரண்ட் வைத்திருக்கிறீர்களா" என்றும் சேர்த்தே கேளுங்கள், பக்கத்து வயலையும் விசாரியுங்கள். அவருக்குக் கோபம் வரட்டும், பரவாயில்லை.

சரி, வயல் வேண்டாம், கொள்ளிடத்து மணலில் உட்காரலாமே என்பீர்கள். அகலமான ஆறு, கண்ணுக்கெட்டிய தூரம் மணல், விளக்கே இல்லை. ஆசை வரத்தான் செய்யும். மணல் அள்ளிய பள்ளங்கள் அங்கே ஆளை முழுங்கும் ஆழத்தில் உண்டு, கோடையிலும் சிலவற்றில் தண்ணீர் நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு ஓடும் திருட்டு மணல் வண்டிகள் வேறு. கையில் கேமராவோடு இருட்டில் நிற்கும் உங்களை அவர்கள் வானியல் ஆர்வலர் என்று நினைக்கப்போவதில்லை.

அதைவிடப் பெரிய கண்டம் ஆகஸ்டில். பெர்சீட் எரிகல் பொழிவு உச்சத்துக்கு வருவது ஆகஸ்ட் 12, 13 இரவுகளில். ஆடிப்பெருக்கு முடிந்து பத்து நாள். மேட்டூர் நிரம்பினால் உபரித் தண்ணீர் முழுவதையும் முக்கொம்பில் திருப்பிக் கொள்ளிடத்தில்தான் விடுவார்கள். கொள்ளிடம் இருப்பதே அதற்குத்தான். 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் இடிந்து போனதே அந்த மாதிரி ஒரு வெள்ளத்தில்தான். எங்கோ குடகில் பெய்த மழைக்கு இங்கே மேகமில்லாத ராத்திரியில் தண்ணீர் வரும். மணல் திட்டில் நடுவே உட்கார்ந்தவருக்கு இரண்டு பக்கமும் ஓடை ஓடத் தொடங்கியது இருட்டில் தெரியாது. ஜெமினிட் பொழிவோ டிசம்பர் 13, 14. வடகிழக்குப் பருவமழை, வாய்க்கால்கள் நிரம்பிக் கரை வழுக்கும் காலம். எரிகல் காலண்டர் வெளிநாட்டுக்காரர் போட்டது, நம் ஆறு அதைப் படித்ததில்லை. ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்தாலும் தாமதமாகத் திறந்தாலும், திறந்தபிறகு அடைக்கும் வரை ஆற்றுப் படுகை எதிலும் ராத்திரி இறங்கக் கூடாது.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமாவாசை ராத்திரி, கோயில் பக்கம், முகம் தெரியாத நாலு பேர், நீளமான கறுப்புப் பை, முக்காலி. டெல்டா கிராமத்தான் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் லண்டன் வரை போய், வழக்கு நடத்தி 1991-இல்தான் திரும்பினார். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியா வரை போய் 2014-இல் திரும்பினார். சிலை பறிகொடுத்த ஊர்கள் இவை. புதையல் தோண்ட வந்தவன், மாந்திரீகம் செய்ய வந்தவன் என்று கம்போடு கூடிவிட்டால், ஓரியன் நெபுலாவை விளக்கிக்கொண்டிருக்க அவகாசம் கிடைக்காது. ஊராட்சித் தலைவரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ பகலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஊர் ஆள் ஒருவரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் இருந்தால் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பச்சை லேசரை எடுத்துப் போகிறவர்களுக்குத் தனியாக: தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் இருப்பது விமானப்படைத் தளம். 2020 ஜனவரி முதல் அங்கே சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்ட நீங்கள் அடிக்கும் கதிர் இறங்கிவரும் விமானியின் கண்ணைக் கூசவைக்கும். போலீஸ் வீட்டுக்கு வரும், அப்புறம் வழக்குதான். டெல்டாவில் லேசரே வேண்டாம், விரலால் காட்டுங்கள்.

கடற்கரையும் சுலபமில்லை. மனோரா பக்கம் தென்கிழக்கே பாக் நீரிணை மேல் அருமையான இருட்டு உண்டு. ஆனால் அந்தப் பக்கம் இலங்கை. ராத்திரியில் தொலைநோக்கியைக் கடலை நோக்கி வைத்துக்கொண்டிருப்பவரைக் கடலோரக் காவல்படை விசாரிக்காமல் விடாது, விடவும் கூடாது. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். இருட்டிய பிறகு உள்ளே நுழைந்தால் வன உயிரினச் சட்டம் பாயும்.

அப்படியானால் எங்கேதான் போவது? விஞ்ஞானிகள் காவலூரை நாடி ஜவ்வாது மலைக்குப் போனார்கள், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்கே நிறுவினார்கள். கொல்லிமலையில் இருள் வானப் பூங்கா வரப்போவதாக வனத்துறை அறிவித்திருக்கிறது. மலை இல்லாத நமக்கு என் சிபாரிசு ஒன்றுதான்: ஒரத்தநாடு, பாபநாசம், வலங்கைமான் பக்கம் உள்ளடங்கிய கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடி. கஜா புயலுக்குப் பிறகு 2018 நவம்பரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பட்டுக்கோட்டைப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும், இருட்டு என்பது அவரவர் வீட்டுக்கு மேலேயே இருக்கிறது என்று. அத்தையிடமோ பெரியப்பாவிடமோ சொல்லி வாசல் விளக்கை இரண்டு மணி நேரம் அணைக்கச் சொல்லுங்கள். தெருவிளக்கு மறையும் பக்கமாக இடம் பிடியுங்கள். மாடி இல்லையென்றால் சிமெண்ட் போட்ட களம், அதுவும் வைக்கோல் போருக்குத் தள்ளி. தரையில் படுக்காமல் கயிற்றுக் கட்டில் போடுங்கள். காலில் மூடிய ஷூ. கும்பகோணம் பக்கம் யானைக்கால் நோய் பரப்பிய கொசு ராத்திரியில்தான் கடிக்கும், முழுக்கைச் சட்டையும் வேண்டும். சித்திரை வைகாசியில் தூரத்தில் மின்னல் வெட்டினால் முக்காலியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வாருங்கள்.

மாடியிலும் ஒரு கண் வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிகள் நம் கிராமங்களில் நிறைய, ஈ.பி. சர்வீஸ் ஒயர் தலைக்கு எட்டும் உயரத்தில் போகிற வீடுகளும் உண்டு. அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நகர்கிறவருக்கு ஓரம் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே ஏறிப் பார்த்து, கட்டிலை நடுவில் போடுங்கள். கட்டிலை விட்டு இறங்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் வெள்ளை டார்ச்சைத் தரையில் அடியுங்கள்; கண்ணை மறுபடி பழக்க இருபது நிமிஷம் போனால் போகட்டும்.