ஊருக்கு ஊர் கார் ஏன் மாறுகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட் தொடங்கும் நேரம். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையின் ஓரமாக நின்று, போகும் வண்டிகளை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும்தான் மிகுதியாக இருக்கும். அடுத்து, தொழிலாளர்களை ஏற்றி வரும் கம்பெனிப் பேருந்துகள், ஷேர் ஆட்டோக்கள், இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள். இவற்றின் நடுவே கார்கள் வரும். அவற்றிலும் பெரும்பாலானவை சிறிய கார்களே.

அங்கிருந்து தெற்கே, எண்ணூரை அடுத்த காமராசர் துறைமுகத்தில் வேறொரு காட்சி. 2001-இல் நிலக்கரி இறக்குவதற்காகத் திறக்கப்பட்ட இத்துறைமுகத்திலிருந்து 2010 முதல் கார்களும் கப்பலேறுகின்றன. நம் தொழிற்சாலைகளில் நம்மவர்கள் செய்த கார்கள்தாம். ஆனால் அவற்றுள் பலவற்றில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்.

இதே கணக்கை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எடுத்தால், பின்புறம் திறந்த பெட்டியுள்ள பெரிய 'பிக்கப்' வண்டிகள் ஏராளமாக வரும். ஜப்பானின் சிற்றூர்த் தெருக்களிலோ நம் ஆல்ட்டோவைவிடக் குட்டையான, பெட்டி போன்ற கார்களைக் காணலாம். நியூட்டனின் விதிகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே? பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளுவதும் எங்கும் ஒரே விதமாகத்தானே நடக்கிறது? பிறகு ஏன் வண்டிகள் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகின்றன?

சுமப்பது யாரை?

முதலில் ஒரு சிறு கணக்கு. 65 கிலோ எடையுள்ள ஒருவர் வேலைக்குச் செல்கிறார். அவருடைய ஸ்கூட்டரின் எடை 110 கிலோ. மொத்தம் 175 கிலோ. இதில் அவருடைய பங்கு 37 விழுக்காடு. அதே மனிதர் 1,000 கிலோ எடையுள்ள காரில் தனியாகச் சென்றால், மொத்த எடையில் அவருடைய பங்கு 6 விழுக்காடுதான். மீதி 94 விழுக்காடு, கார் தன்னைத் தானே சுமப்பது!

ஒவ்வொரு முறை வண்டி நின்று புறப்படும்போதும், அதன் நிறைக்கு ஏற்ப இயக்க ஆற்றல் தர வேண்டும். பிரேக் பிடிக்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக வீணாகிறது. எனவே வருமானத்தோடு ஒப்பிடுகையில் பெட்ரோல் விலை மிகுந்த நாட்டில் மக்கள் இரு சக்கர வண்டியை நாடுவது இயல்பே. இந்தியாவில் பதிவான வண்டிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இரு சக்கர வண்டிகள்.

அமெரிக்காவில் பெட்ரோல் மீதான மத்திய அரசு வரி, ஒரு காலனுக்கு (3.785 லிட்டர்) 18.4 சென்ட், 1993 முதல் இது மாறவில்லை. அகன்ற சாலை, குறைந்த வரி, நீண்ட தொலைவு ஆகிய மூன்றும் சேர்ந்து பெரிய வண்டியை வளர்த்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்கா, 1964 முதல் வெளிநாட்டுச் சிறு லாரிகளுக்கு 25 விழுக்காடு வரி விதித்தது. கோழிச் சண்டை முடிந்த பின்னும் அந்த வரி பல பத்தாண்டுகள் நீடித்தது. உள்நாட்டுப் பிக்கப் வண்டிகளுக்கு அது நல்லதொரு வேலியாயிற்று.

வரி வடித்த எஞ்சின்

சட்டமும் வரியும் எஞ்சினின் உள்ளுறுப்பையே மாற்றிவிடும் என்றால் நம்புவீர்களா? அதற்குச் சான்று எண்ணூரிலேயே உண்டு.

1948-இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூர்த் தொழிற்சாலையில் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி விற்றது. (பிறகு 1955-இல் லேலண்ட் நிறுவனத்தின் பங்கேற்புடன் அது அசோக் லேலண்ட் ஆகி, லாரிகளும் பேருந்துகளும் செய்யத் தொடங்கியது.) அந்த ஏ-40 எஞ்சினில் நான்கு உருளைகள். ஒவ்வொன்றின் விட்டமும் 65.5 மி.மீ. பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தொலைவோ 89 மி.மீ. உருளைகள் ஒடுங்கி உயர்ந்தவை. நான்கின் கன அளவையும் கூட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 1,200 கன செ.மீ. வரும்.

ஏன் இப்படி ஒடுக்கமான உருளை? இங்கிலாந்தில் 1921 முதல் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுன் என்று கார் வரி விதிக்கப்பட்டது. ஆனால் திறனை யாரும் அளந்து பார்க்கவில்லை. உருளையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை உருளைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5 ஆல் வகுத்தார்கள். அதுவே 'வரிக் குதிரைத்திறன்'. இந்த வாய்பாட்டில் பிஸ்டன் நகரும் தொலைவுக்கு இடமே இல்லை! பொறியாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். விட்டத்தைக் குறைத்து, நீளத்தைக் கூட்டினார்கள். வரி குறைந்தது, கன அளவு குறையவில்லை.

ஏ-40 எஞ்சினுக்கு இவ்வாய்பாட்டைப் போட்டால் 10.6 குதிரைத்திறன் வருகிறது. அதன் உண்மைத் திறனோ சுமார் 40 குதிரைத்திறன். அந்த வரிமுறை 1940-களின் பிற்பகுதியில் கைவிடப்பட்டது. ஆனாலும் 1947-இல் வெளிவந்த ஏ-40 அந்தக் காலத்தின் முத்திரையைத் தன் உருளைகளில் சுமந்துகொண்டே எண்ணூருக்கு வந்து சேர்ந்தது. லண்டனில் எழுதிய ஒரு வாய்பாடு, சென்னைத் தெருவில் ஓடிய காரின் எஞ்சினை வடித்திருக்கிறது!

நான்கு மீட்டர்க் கோடு

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. ஜப்பானில் 'கெய்' என்னும் சிறு கார்களுக்கு வரிச்சலுகை உண்டு. அதற்கு நீளம் 3.4 மீட்டரையும், அகலம் 1.48 மீட்டரையும், எஞ்சின் 660 கன செ.மீ.ஐயும் தாண்டக் கூடாது. ஆகவே உயரத்தைக் கூட்டி இடம் பிடிக்கிறார்கள். பெட்டி வடிவம் வந்தது அதனால்தான். 1983 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த மாருதி 800-இன் மூலமும் ஒரு கெய் காரே. அன்றைய ஜப்பானிய எல்லை 550 கன செ.மீ. என்பதால் அங்கே அதற்கு 543 கன செ.மீ. எஞ்சின். அந்த எல்லை இல்லாத இந்தியாவில் 796 கன செ.மீ. எஞ்சின்.

நம் நாடும் 2006-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கோடு கிழித்தது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 கன செ.மீ.க்குள் (டீசலானால் 1,500) இருந்தால் உற்பத்தி வரி 24-க்குப் பதிலாக 16 விழுக்காடு. விளைவு என்ன? 2008-இல் 4.16 மீட்டர் நீளத்துடன் வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-இல் பின்பெட்டி குறுகி 3.995 மீட்டர் ஆயிற்று. திருவள்ளூர்த் தொழிற்சாலையில் செய்யப்படும் சிட்ரோயன் சி-3 காரின் நீளம் 3.981 மீட்டர். கோட்டுக்கு 19 மி.மீ. உள்ளே! 2025 செப்டம்பரில் மாற்றியமைக்கப்பட்ட வரியிலும் அதே நான்கு மீட்டர்க் கோடு தொடர்ந்தது.

இந்தத் தொழிற்சாலைக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1998 முதல் ஜப்பானிய மிட்சுபிஷி லான்சர் கார்களைத் திருவள்ளூரில் செய்தது. பிரெஞ்சு நிறுவனம் வந்தது அதன் பின்னரே.

வேகத்தடை சொல்லும் கணக்கு

சாலையும் காரை வடிக்கிறது. நம் நாட்டுச் சாலைப் பொறியாளர்களின் விதிப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள மென்மையான வளைவாக இருக்க வேண்டும். அது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு.

சி-3 காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.54 மீட்டர். ஆகவே கார் நடுவில் இருக்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மீதே இருக்கும். சக்கரங்கள் தொடும் கோட்டுக்கு மேல் மேடு எவ்வளவு துருத்தும்? நாணின் பாதியை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும்: 1.27 × 1.27 ÷ 34 = 0.047 மீட்டர். 5 செ.மீ. கூட இல்லை. தாழ்ந்த காரும் எளிதில் கடந்துவிடும்.

ஆனால் நம் தெருக்களில் யாரோ ஓர் இரவில் கொட்டிவைத்த, ஒரு முழ அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள மேடுகளும் உண்டல்லவா? அங்கே சக்கரங்கள் இருபுறமும் தரையில் நிற்க, மேடு முழு உயரத்துக்கும் வயிற்றில் இடிக்கும். அதனால்தான் சி-3 போன்ற கார்களின் அடிப்பகுதி தரையிலிருந்து 18 செ.மீ. உயர்த்தப்பட்டிருக்கிறது. இந்த உயரம் இலவசம் அன்று. கார் உயர்ந்தால் அதன் ஈர்ப்பு மையமும் உயரும். வளைவில் சாயும் போக்கு மிகும்.

ஒரே கூரையின் கீழ் இரு கார்கள்

இதுவரை பார்த்த வேறுபாடுகள் வசதியையும் விலையையும் பற்றியவை. இனி வருவது உயிரைப் பற்றியது.

காமராசர் துறைமுகத்திலிருந்து 2010-இல் ஐரோப்பாவுக்குச் சென்ற நிசான் மைக்ரா கார்கள், சென்னையை அடுத்த ஒரகடத்தில் செய்யப்பட்டவை. அவ்வாண்டு ஐரோப்பிய மோதல் சோதனையில் மைக்ரா நான்கு நட்சத்திரம் பெற்றது. அதே ஒரகடம் தொழிற்சாலையில், அதே நிறுவனம் இந்தியருக்காகச் செய்த டட்சன் கோ என்னும் மலிவு விலைக் கார், 2014 நவம்பரில் 'குளோபல் என்கேப்' அமைப்பின் சோதனைக்கு வந்தது. காற்றுப்பை இல்லாத அந்தக் கார், பெரியவர்களைக் காப்பதில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை.

முன்புற மோதல் இரண்டிலும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடந்தது. அந்த வேகம் வினாடிக்கு 17.8 மீட்டர். 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் பொருள், தரையைத் தொடும்போது பெறும் வேகம் இது. காரின் முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நின்றால், உள்ளே பெல்ட் அணிந்தவர் உணரும் வேக இறக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 27 மடங்கு. உடலால் பெரும்பாலும் தாங்க முடியும். பெல்ட் இல்லாதவர் முன்னே பாய்ந்து, பலகையில் மோதி 6 செ.மீ.க்குள் நின்றால் அது 270 மடங்கு! நிற்கும் தொலைவு பத்தில் ஒன்றானால், விசை பத்து மடங்காகிறது. பெல்ட்டும் காற்றுப்பையும் நொறுங்கும் முன்பகுதியும் செய்வதெல்லாம் அந்தத் தொலைவை நீட்டிக் கொடுப்பதே.

ஆகவே ஒரகடத்துத் தொழிலாளர்க்குப் பாதுகாப்பான கார் செய்யத் தெரியாமல் இல்லை. ஐரோப்பாவில் வாங்குவோரும் அரசும் அதைக் கேட்டார்கள், செய்து கொடுத்தார்கள். இங்கே அன்று யாரும் கேட்கவில்லை.

பின்னர் கேட்கத் தொடங்கினோம். 2017 அக்டோபர் முதல் புதிய கார் வகைகளுக்கு மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் முன்புற மோதல் சோதனை கட்டாயமாயிற்று. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கும், அடுத்த சில ஆண்டுகளில் அவர் அருகில் இருப்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2023 அக்டோபரில் 'பாரத் என்கேப்' என்னும் நம் நாட்டு நட்சத்திர மதிப்பீடு தொடங்கியது. 56-க்கும் 64-க்கும் பெரிய வேறுபாடில்லை என்று நினைக்காதீர்கள். வேகம் 14 விழுக்காடு கூடினால் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 31 விழுக்காடு அதிகம்.

கேட்டதன் பயனைத் திருவள்ளூரிலேயே காணலாம். அங்கே செய்யப்பட்ட இ-சி3 என்னும் மின்கார், 2024 மார்ச்சில் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் சுழியம் பெற்றது. அதே தொழிற்சாலையின் பசால்ட் என்னும் கார், ஆறு காற்றுப்பைகளுடன் அதே ஆண்டு அக்டோபரில் பாரத் என்கேப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. சோதனை நடத்திய அமைப்புகள் வேறு, கார்களும் வேறு. ஆனால் செய்த ஊர் ஒன்றே.

அளந்து பாருங்கள்

ஒன்றை மறக்கக் கூடாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில், நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கும் மேற்பட்டோர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவர்களுக்கு நொறுங்கும் முன்பகுதி இல்லை. தலைக்கவசத்தின் உள்ளே உள்ள சில செ.மீ. பஞ்சு போன்ற பொருள் மட்டுமே நிற்கும் தொலைவைத் தருகிறது.

விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். ஓர் அளவு நாடா எடுத்து, உங்கள் தெருவில் நிற்கும் ஐந்து கார்களின் நீளத்தை உரியவர்களின் அனுமதியோடு அளந்து எழுதுங்கள். எத்தனை கார்கள் 3.9 மீட்டருக்கும் 4 மீட்டருக்கும் இடையில் நிற்கின்றன? உங்கள் தெரு வேகத்தடையின் அகலம், உயரம் என்ன? அது 17 மீட்டர் வட்டத்தின் துண்டா, இரவில் கொட்டிய மேடா? மேடானால், அளவுகளைக் குறித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மனுக் கொடுக்கலாம். வீட்டில் புதிதாக வண்டி வாங்கும் பேச்சு எழும்போது நிறத்தையும் மைலேஜையும் கேட்பதோடு, 'இதற்கு எத்தனை நட்சத்திரம்?' என்றும் கேளுங்கள்.