நூலகரின் இரட்டைக் கடமை

நூலகர் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது, உயர்ந்த அலுமாரிகளுக்கு நடுவே வாய் திறவாது அமர்ந்து, கேட்ட நூலை எடுத்துக் கொடுத்துத் திகதி முத்திரை இடும் ஓர் உருவமேயாகும். அவரே விரிவுரை மண்டபத்தில் நின்று பாடஞ் சொல்லும் ஆசிரியராகவும் இருக்கக் கூடும் என எண்ணுவோர் மிகச் சிலர். ஆயினும், பல்கலைக்கழக நூலகத்தார் தமது அன்றாட அலுவலைக் கைவிடாமலே வகுப்பும் நடத்தும் வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. நூலகவியல் என்று நாம் வழங்கும் கல்வித்துறையே இவ்வாறு இரட்டைச் சுமை சுமந்தவர்களால் ஆக்கப்பட்டது. அச்சுமையை அவர்கள் ஏன் ஏற்றனர், அதனால் விளைந்த பயன் யாது, அதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது என்பவற்றை அறிதல், பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பக் காத்திருக்கும் பெற்றோருக்கும் நன்மை தரும்.

பண்டகசாலையில் தொடங்கிய பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில், நூலகத் தொழிலைப் பழக விரும்பியவர் ஒரு நூலகத்திற் சேர்ந்து, மூத்தோர் செய்வதைப் பார்த்துப் பார்த்தே பழகினர். தச்சனின் பட்டறையில் சிறுவன் உளி பிடிக்கப் பழகுவது போன்றதே அது. இம்முறையில் கை பழகும். ஆனால், செய்வதன் காரணம் விளங்குவதில்லை. ஒரு நூலகத்தில் பழகியவர் மற்றொன்றிற்குச் சென்றால் திகைத்து நிற்க நேரும்.

இக்குறையைத் தீர்க்க முதலில் முனைந்தவர் அமெரிக்காவின் மெல்வில் டூயி. நூல்களைப் பத்துப் பெரும் பிரிவுகளாக வகுத்து எண்ணிடும் தசமப் பகுப்பை 1876 இல் வெளியிட்டவர் இவரே. 1883 இல் நியூ யோர்க் நகரின் கொலம்பியாக் கல்லூரிக்குத் தலைமை நூலகராக வந்த இவர், 1887 சனவரி 5 ஆம் திகதி அங்கேயே நூலகத் தொழிற் பள்ளியொன்றைத் திறந்தார். முதல் வகுப்பிற் சேர்ந்த மாணாக்கர் இருபதின்மர். அவருட் பதினேழு பேர் பெண்கள். பெண்களுக்கு இடமளிக்க விரும்பாத கல்லூரி அறங்காவலர், வகுப்பறைகளைத் தர மறுத்தனர். டூயி பின்வாங்கவில்லை. வழிபாட்டு மண்டபத்தின் மேலே பழம்பொருள் போட்டு வைத்திருந்த அறையொன்றைத் துப்புரவு செய்வித்து, அதிலேயே வகுப்பைத் தொடங்கினார்.

கற்பித்தவர் யாவர்? டூயியும், அவரது நூலக உத்தியோகத்தரும், அவ்வப்போது வந்து விரிவுரை ஆற்றிய பிற நூலகருமே. மாணாக்கர் வகுப்பிற் கேட்டதை நூலகத்தில் உடனே செய்து பார்த்தனர். அறங்காவலரோடு பகைமை முற்றியதனால் டூயி கொலம்பியாவை விட்டு விலக, பள்ளியும் 1889 இல் அல்பனி நகருக்கு மாறியது. டூயியின் வாழ்வில் கண்டிக்கத்தக்க செயல்களும் உண்டு. பெண்களிடம் முறைகேடாக நடந்தமை, யூதரையும் கறுப்பினத்தவரையும் ஒதுக்கியமை ஆகியவற்றின் பொருட்டு, தமது பதக்கமொன்றிலிருந்து அவர் பெயரை நீக்க அமெரிக்க நூலகச் சங்கத்தார் 2019 இல் தீர்மானித்தனர். பெண்களுக்குக் கதவு திறந்தவரே அவர்களுக்குத் தீங்கும் இழைத்தார் என்பதை வரலாறு மறைத்தல் கூடாது. எனினும், அன்று அவர் திறந்த கதவு பின்னர் மூடப்படவில்லை.

குரொய்டனிலிருந்து சென்னைக்கு

இங்கிலாந்தில் 1919 இல் லண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியில் நூலகப் பள்ளி தோன்றியது. அங்கே பகுப்புக் கலையைக் கற்பித்தவர் பேர்விக் சேயர்ஸ். இவர் லண்டனை அடுத்த குரொய்டன் நகரின் பொது நூலகத்திற்குத் தலைவர். நகர மக்களுக்கு நூல் வழங்கும் கடமையையும், பள்ளியிற் பாடஞ் சொல்லும் கடமையையும் ஒருங்கே ஆற்றி வந்தார். 1924 இல் இவரிடம் பாடங் கேட்க வந்தவர்களுள் ஒருவர் தமிழர். சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன்.

அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்து வந்தவர். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் பெற்றார். வகுப்பறையின் கலகலப்பிலே பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பொறுக்க முடியாததாயிற்று. சில நாட்களுக்குள்ளேயே பழைய உத்தியோகத்தைத் திருப்பித் தருமாறு வேண்டினார் என்பர். முதலில் இங்கிலாந்து சென்று வருக, அதன் பின்னும் மனம் மாறாவிடின் திரும்பலாம் என்ற இணக்கத்தின் பேரிலேயே அவர் கப்பல் ஏறினார்.

லண்டனில் அவர் மனம் மாறிற்று. சேயர்ஸ் வகுப்பிற் சொன்னவற்றை குரொய்டன் நூலகத்தில் நேரிற் கண்டார். பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒருநாள் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில தகடுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு வகையிற் பூட்டினால் வண்டியும் பாலமும் பாரந்தூக்கியும் ஆகும் அல்லவா? பொருட்டுறைகளையும் அவ்வாறே சிறு கூறுகளாக்கிப் பூட்டலாம் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. நுரையீரல் என்பது ஒரு கூறு, காசநோய் ஒரு கூறு, சிகிச்சை ஒரு கூறு. மூன்றையும் இணைத்தால் நுரையீரற் காசநோய்க்குரிய சிகிச்சை பற்றிய நூலுக்கு எண் கிடைக்கும். இக்கருத்தே 1933 இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு வித்தாயிற்று.

1925 இல் தாயகம் மீண்டவர் பழைய உத்தியோகத்தை நாடவில்லை. ஆனால் ஆசிரியத் தொழிலையும் கைவிடவில்லை. 1928 இல் சென்னை நூலகச் சங்கம் உருவாயிற்று. அதன் செயலாளர் அவரே. அடுத்த ஆண்டு, 1929 இல், அச்சங்கத்தின் சார்பில் கோடை விடுமுறையில் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1931 இல் பல்கலைக்கழகம் அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. 1937 இல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டு டிப்ளோமாப் பயிற்சியாக வளர்ந்தது. பல்கலைக்கழக நூலகத்திற் கடமை புரிந்தவர்களே அதன் ஆசிரியர்களாயினர். பகலில் நூல் எடுத்துக் கொடுத்த கையே கரும்பலகையில் எழுதியது.

கற்பிப்பவன் கற்றது

இவ்விரட்டைக் கடமையாற் பயன் பெற்றவர் மாணாக்கர் மாத்திரம் அல்லர். ஒரு தொழிலைச் செய்பவனுக்கு வழக்கமே போதும். அதைக் கற்பிக்கப் புகுபவனுக்கோ காரணம் வேண்டும். இந்த நூல் ஏன் இந்த அலுமாரியில் இருக்க வேண்டும் என்று மாணாக்கன் வினவினால், எப்போதும் அங்கேதான் வைப்போம் என்ற விடை செல்லாது. இவ்வாறு தேடப்பட்ட காரணங்களே அரங்கநாதனின் நூல்களாக மலர்ந்தன. நூலகவியலின் ஐந்து விதிகள் 1931 இலும், நூற்பட்டியல் அமைக்கும் விதிநூல் 1934 இலும், பகுப்புக் கொள்கை பற்றிய பெருநூல் 1937 இலும் வெளிவந்தன. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்ற முதல் விதி, அவருடைய பழைய கணித ஆசிரியர் எட்வேட் றொஸ் என்பாரோடு உரையாடுகையிற் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆசிரியரும் மாணாக்கரும் கூடுமிடத்திற்றான் சிந்தனை கூர்மை பெறுகின்றது.

மாணாக்கர் அடையும் பயனும் சிறிதன்று. காலையில் ஒரு வாசகர் கேட்ட விசித்திர வினா, மாலையில் வகுப்பிற்குப் பாடமாகின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இங்கே சுரைக்காய் தோட்டத்திலிருந்தே வருகின்றது.

அதற்குரிய விலை

நன்மையை மாத்திரம் கூறி நிறுத்துதல் நேர்மையாகாது. அரங்கநாதன் 1945 இல் சென்னையை விட்டு நீங்கி, காசி இந்து பல்கலைக்கழகத்திற் கடமை ஏற்றார். 1947 வரையில் அங்கே ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாமே பகுத்து எண்ணிட்டதோடு, டிப்ளோமா வகுப்பையும் நடத்தினார் என்பர். கேட்போர் வியப்பர். ஆனால், ஒரு தனிமனிதர் இவ்வளவு சுமக்க நேர்ந்தது எதனால் என்று வினவுவோர் சிலரே. எல்லா நூலகரும் அரங்கநாதன் ஆகார். அவரைப் போல ஓய்வையும் வீட்டையும் மறந்து உழைக்க வேண்டும் என எல்லோரிடத்தும் எதிர்பார்த்தலும் முறையன்று.

பட்டியல் தயாரிக்கும் உத்தியோகத்தர் ஒருவர் வகுப்பிற்குச் செல்லும் இரண்டு மணி நேரமும் அவருடைய மேசை வெறுமையாய்க் கிடக்கின்றது. புதிதாய் வந்த நூற்பெட்டி பிரிக்கப்படாமற் காத்திருக்கின்றது. அன்றேல் அருகிலுள்ள தோழர் அவ்வேலையையும் சேர்த்துச் சுமக்கின்றார். இரண்டு மணி நேர விரிவுரைக்குப் பின்னால், ஆயத்தத்திற்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் செல்லும் இரவுகள் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. அலுவலகமோ அவரை ஆசிரியர் என மதியாது; ஆசிரியர் குழுவோ அவரை அலுவலர் என ஒதுக்கும். இருபுறமும் மத்தளத்துக்கு இடி என்ற பழமொழி இவருக்கே பொருந்தும்.

இதற்கு மருந்து இல்லாமற் போகவில்லை. கற்பிக்கும் நேரத்தைக் கடமை நேரமாகவே கணித்தல், அந்நேரத்தில் மேசையைப் பார்க்க மாற்று ஆளை அமர்த்துதல், அலுவல் நேரத்திற்குப் புறம்பாகச் செய்யும் வேலைக்கு ஊதியம் அளித்தல், பதவி உயர்வின்போது அவ்வுழைப்பை எண்ணுதல் ஆகிய நான்கும் செய்யப்படின், சுமை பாதியாகும். விருப்பத்தோடு கற்பிப்பவரே நன்கு கற்பிப்பர். கட்டாயத்தால் வகுப்பிற்கு வருபவர் நூலகத்திற்கும் பயன்படார், மாணாக்கருக்கும் பயன்படார்.

நம் நாட்டில்

இலங்கையிலும் இத்துறை இவ்வழியே வளர்ந்தது. 1960 இல் நூலகச் சங்கம் நிறுவப்பட்டது. தொழிலில் உள்ளோரே புதியோர்க்குப் பயிற்சியளிக்கும் வழக்கம் அச்சங்கத்தின் வகுப்புகளால் நிலைபெற்றது. 1961 இல் பேராதனையிற் பட்டப்பின் டிப்ளோமாப் பயிற்சி தொடங்கிற்று. பின்னர் களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை ஏற்பட்டது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. கட்டடத்தைக் கொத்தனார் மீண்டும் எழுப்பலாம். நூல்களைத் தேடிச் சேர்த்து, பகுத்து, வாசகர் கையிற் சேர்ப்பதற்குப் பயின்ற நூலகர் வேண்டும். அத்தகையோரை உருவாக்கும் பணி எத்துணைப் பெரிது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இன்று பல்கலைக்கழக நூலகத்தார் தம் தொழிலை நாடி வருவோருக்கு மாத்திரமன்றி, மருத்துவமோ வணிகமோ பயிலும் முதலாண்டு மாணாக்கருக்கும் வகுப்பு நடத்துகின்றனர். கணினியிற் கட்டுரைகளைத் தேடுதல், இணையத்திற் காண்பவற்றுள் நம்பத்தக்கதையும் தகாததையும் பிரித்தல், பிறர் கருத்தைத் தன்னதெனக் காட்டாது உரியவர் பெயருடன் எடுத்தாளுதல் ஆகியன அவ்வகுப்பின் பாடங்கள். பரீட்சைப் புள்ளி இல்லாத பாடம் என இளைஞர் பலர் இதனைப் புறக்கணிக்கின்றனர். நான்கு ஆண்டுகளின் பின்னர் ஆய்வுக் கட்டுரை எழுத அமரும்போதுதான் இழந்தது தெரிய வருகின்றது.

ஆதலின், பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு இந்த வகுப்பைத் தவறவிடாதே எனப் பெற்றோர் எடுத்துரைத்தல் நன்று. நூலக மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரை நூல் எடுத்துக் கொடுப்பவர் என்று மாத்திரம் கருதாது, ஐயங் கேட்கத் தக்க ஆசிரியர் எனவும் பிள்ளைகள் மதிக்கப் பழகட்டும். பல்கலைக்கழகங்களை நடத்துவோரும் அவரை அவ்வாறே மதித்து, அவர் சுமக்கும் இரண்டாவது சுமையையும் கணக்கிற் சேர்ப்பார்களாக.