பட்டைப் பிடிக்கும் மஞ்சள் உடம்பைப் பிடிக்குமா?

ஆரணியில் முகூர்த்தப் பட்டு எடுத்த வீடுகளில் பழைய புடவை ஒன்றை விரித்துப் பாருங்கள். ஓரத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். புதுத்துணியின் மூலையில் மஞ்சள் வைக்காமல் உடுத்த விடுவார்களா நம் பாட்டிமார்கள்! அந்தப் பொட்டு ஏன் லேசில் போவதில்லை, தெரியுமா?

இயற்கைச் சாயங்களில் பெரும்பாலானவை நூலில் நிற்கப் படிகாரம் மாதிரி ஏதாவது ஒன்று பிடித்துக்கொடுக்க வேண்டும். மஞ்சளுக்கு யார் தயவும் வேண்டாம். நேரே போய்ப் பட்டில் ஏறி உட்கார்ந்துவிடும்! சரி, சோப்பு போட்டால்? கறை சிவந்துபோகும்! சோப்பில் உள்ள காரம்தான் காரணம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்ததும் ஆரத்தித் தட்டு சிவக்கிறதே, அதே வித்தை. அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். (வெள்ளைக் கைக்குட்டையில் செய்து பாருங்கள், பட்டுப்புடவை பக்கம் போகாதீர்கள்.) இத்தனை பிடிவாதக்காரச் சாயம் வெயிலிடம் மட்டும் தோற்றுவிடும், காயக் காய வெளுத்துப்போகும்.

இந்த வித்தைகளுக்கெல்லாம் காரணம் குர்குமின் என்ற பொருள். 1815-லேயே அதை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். மருந்துக் குணம் என்று பெரிதாகப் பேசப்படுவதும் இதற்குத்தான். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்: பட்டை இறுகப் பிடிக்கும் இந்தக் குர்குமின், வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் சேரவே மாட்டேன் என்கிறது! தண்ணீரில் கரையாது. கொஞ்சநஞ்சம் உள்ளே போனதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும்.

இதற்கு வழி எங்கே கிடைத்தது தெரியுமா? பக்கத்துப் பெங்களூரில்! 1998-இல் வெளியான ஆய்வில், செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பிப்பெரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேர்வது 2000 சதவீதம் கூடியது! நம் மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போட்டவர் எந்தக் கல்லூரியில் படித்தார்?

ஆனால் துள்ளிக் குதிப்பதற்கு முன் ஒரு கணக்கு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம் தூளில் 90 மில்லிகிராம்தான் தேறும். அந்த 2 கிராமை எட்ட இருபது டீஸ்பூனுக்கு மேல் விழுங்க வேண்டும்! சரி, மாத்திரையாக விழுங்கினால்? நாள் முழுக்கத் தறிக்குழியில் மிதி மிதிக்கிற நெசவாளிக்கு மூட்டுவலி புதிதல்ல. குர்குமின் மாத்திரையால் முழங்கால் வலி ஓரளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகச் சர்க்கரை, புற்றுநோய் எல்லாம் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அதற்கு நிரூபணம் இல்லை.

சாப்பாட்டில் எப்படிச் சேர்ப்பது? எண்ணெயும் மிளகும் கூட இருந்தால் போதும். தாளிக்கும்போதே ஒரு சிட்டிகை எண்ணெயில் விழட்டும். வெண்பொங்கலில் நெய்யும் மிளகும் ஏற்கெனவே இருக்கின்றன, மஞ்சள்தான் பாக்கி. மிளகு ரசமும் ஆகும். தை மாதத்தில் பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தைத் தூக்கிப் போடாமல், கிழங்கைச் சீவி இஞ்சியோடு எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடுங்கள். கஸ்தூரி மஞ்சள் பூசத்தான், குழம்புக்கு வேண்டாம்.

காயத்தில் மஞ்சள் வைப்பதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள், தெரியுமா? 1995-இல், மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு! இந்தியாவின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். விடவில்லை. இது இங்கே காலங்காலமாக நடப்பது என்று பழைய நூல்களையும், 1953-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையையும் முன்வைத்து வழக்காடியது. 1997-இல் காப்புரிமை ரத்து!

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் குர்குமின் மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. குழம்பில் போடும் சிட்டிகைக்கு இந்தப் பயம் வேண்டாம். ஆனால் பளபளக்கும் மஞ்சளைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வங்கதேசத்தில் நிறம் தூக்கலாகத் தெரிய ஈயம் கலந்த லெட் குரோமேட்டைச் சேர்த்ததை ஆய்வாளர்கள் 2019-இல் வெளிக்கொண்டு வந்தார்கள். 2019-இல்தான் நம் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எதற்கும் பளபளக்காத முழு விரலி மஞ்சளாக வாங்கி, காயவைத்து, மில்லில் கண்முன்னே அரைத்துக்கொள்ளுங்கள்.