வெள்ளைப்படுதலுக்கு ஒரே மாத்திரையா?

1989-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்தால் இன்றும் மனம் கனக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், மருத்துவத் தம்பதி ராணி பங்கும் அபய் பங்கும் இரண்டு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மகளிர் நோய் இருந்தது. அதற்குமுன் அந்தப் பரிசோதனை நடந்திருந்தது 8 சதவீதம் பேருக்குத்தான்.

அது கிராமம். மும்பையின் தாராவிக்கோ சயான் மருத்துவமனை நடக்கும் தூரம். ஆனாலும் ‘வெள்ளை படுது’ என்று வாய்திறக்க நம் பெண்களுக்குக் கூச்சம். உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். அடங்காவிட்டால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை. எந்த மாத்திரை என்பதில்தான் சிக்கல்.

பிறப்புறுப்பில் இயல்பாகவே லாக்டோபேசிலஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. 1892-லேயே ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். இவை சுரக்கும் லாக்டிக் அமிலம் பி.எச். அளவை 4.5-க்குக் கீழே வைத்துக் கிருமிகளை அடக்குகிறது. இவை குறைந்தால் கார்ட்னரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகி, மீன் வாடையுடன் சாம்பல் நிற நீர் வரும். கடும் அரிப்பும் திரிந்த பால்போன்ற வெள்ளையும் பெரும்பாலும் பூஞ்சை. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியும் காரணமாகலாம்; அது உடலுறவில் தொற்றுவது. பூஞ்சைக்கான மருந்து மற்ற இரண்டுக்கும் உதவாது; அவற்றின் மருந்து பூஞ்சைக்கு உதவாது. தேவையில்லாத ஆன்டிபயாடிக் பூஞ்சையைக் கிளப்பியும் விடும். சோப்போ டெட்டாலோ போட்டு உள்ளே கழுவுவது நல்ல பாக்டீரியாக்களைத்தான் கொல்லும். இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவே வரும் வாடையில்லாத தெளிந்த நீர் நோயே அல்ல.

பாக்டீரியாச் சமநிலை குலைவதை அற்பமாக நினைக்கக் கூடாது. குறைப்பிரசவம், எச்.ஐ.வி. தொற்று இரண்டின் அபாயமும் அதனால் கூடுகிறது. கிருமியே இல்லாமலும் வெள்ளைப்படுதல் புகார் வரலாம்: கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஆய்வில், வெள்ளைப்படுவதாகச் சொன்ன பெண்களிடம் தொற்றைவிட மனச்சோர்வும் பதற்றமுமே அதிகம் தொடர்புபட்டிருந்தன. அப்படிப்பட்டவளுக்கு மாத்திரையைவிட, உட்காரவைத்துக் கேட்கும் மருத்துவர் வேண்டும்.

மருந்து முடிந்ததும் மறுபடி வருகிறதே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பாக்டீரியாத் தொந்தரவுள்ள பெண்ணுக்கு மருந்து தந்ததோடு, அவள் துணைவருக்கும் ஒரு வாரம் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்தபோது 12 வாரத்தில் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. இருவருக்கும் தந்தபோது 35 சதவீதம். மருத்துவமனையில் கேஸ் பேப்பர் எடுக்கப் போகும் நாளில் கணவரும் கூட வரட்டும். மாத்திரை எழுதுமுன் வெள்ளைப்படும் நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி இருவருமாகக் கேளுங்கள்.